அடைப்புக்குறிக்குள் பதினெட்டு

குற்றச் செய்தி எழுத எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாளிதழில் பகுதி நிருபராகச் சேர்ந்த புதிதில், பதிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு உதவி ஆசிரியர் போனில் சொன்னதுதான் மொத்தப் பாடமும். "பேரு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள வயசு, அப்பா பேரு, ஊரு. இந்த நாலும் இல்லாம எதையும் அனுப்பாதீங்கம்மா." விருத்தாசலத்தில் நான் செய்தி சேகரித்த வருஷங்கள் முழுக்க இந்த நாலையும் கேட்டுக்கேட்டே என் தொண்டை வறண்டது. பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாள் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஊரைத் தப்பாகப் போட்டால் அந்த ஊரே வரும். வயதைத் தப்பாகப் போட்டதற்காக மட்டும் ஒருவரும் என்னிடம் வந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. ஊரில் பெண் நிருபர் நான் ஒருத்திதான். காலையில் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினால், புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் யாராவது, "புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறானாம்மா?" என்று பரிவாக விசாரிப்பார். எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்து நிற்கும். "இன்னும் கல்யாணமே ஆவலைங்க, ஆனதும் வந்து சொல்றேன்" என்பேன். பழகிய பிறகு அவர்களே நாற்காலி போட்டு டீ சொல்லிவிடுவார்கள். பெண் என்பதால் எனக்கு மரியாதை கிடைத்ததாகச் சிலர் சொல்வார்கள். மரியாதை கிடைத்தது உண்மை, செய்திதான் கிடைக்காது. மற்ற நிருபர்களிடம் சொல்லி முடித்த பிறகு மிச்சம் மீதியை எனக்குச் சொல்வார்கள்.

எங்கள் பத்திரிகைத் தமிழில் குற்றம் செய்தவனுக்கு இரண்டே பெயர்தான் உண்டு. பதினெட்டு ஆகிவிட்டால் வாலிபர், ஆகாவிட்டால் சிறுவன். சிறுவன் என்றால் பெயர் போடக்கூடாது, படம் போடக்கூடாது, அவனைப் பெரியவர்கள் இருக்கும் ஜெயிலுக்கு அனுப்பவும் கூடாது. முன்பு ஆண் பிள்ளைகளுக்கு இந்த எல்லை பதினாறாக இருந்தது. சட்டம் மாறிப் பதினெட்டாகி அதிக நாளாகவில்லை. ஸ்டேஷனில் பாதிப் பேருக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறியவர்களுக்கோ சிறுவன் என்றால் தொல்லை. கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், கைவிலங்கு போடக்கூடாது, சீருடையில் போகக்கூடாது. பதினெட்டு என்று எழுதிவிட்டால் உள்ளூர் கோர்ட்டோடு முடிந்தது.

அந்தப் பையனை நான் முதலில் பார்த்தது ஸ்டேஷனில், ஒரு மேஜைக்குப் பின்னால். பொருள் பிடிபட்டால் அதை மேஜை மேல் பரப்பி, பிடிபட்டவர்களைப் பின்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கக் கூப்பிடுவது வழக்கம். அன்று மேஜையில் செம்புக் கம்பிச் சுருள்கள் இருந்தன. பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையில் புகுந்து மோட்டார்களைப் பிரித்துக் கம்பியை உருவியிருக்கிறார்கள். தடுக்க வந்த வாட்ச்மேனின் மண்டை உடைந்து, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிடிபட்டவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தாடியும் தொப்பையுமாக இருந்த பழைய ஆட்கள். மூன்றாவது ஆளுக்கு மீசை அரும்பக்கூட இல்லை. முழங்கை மடிப்பில் வெள்ளை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த மடிப்பில் மட்டும் மண் போகாது.

"தம்பி, ஒனக்கு வயசு என்னா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு முடிஞ்சிடுச்சிங்க."

"எப்ப முடிஞ்சிது?"

அவன் கண்ணைச் சிமிட்டினான். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னான். "முடிஞ்சிடுச்சிங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அவனே சொல்றான். ஒங்களுக்கு என்னம்மா சந்தேகம்? வயசுக்கு வந்த புள்ளையைப் போய்ச் சின்னப் பையன்னு சொன்னா அவனுக்குத்தான் கேவலம்."

கூட இருந்த நிருபர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அன்று கையால் எழுதி ஃபேக்ஸ் அனுப்பிய செய்தியில் இரண்டு பேர் பெயரை எழுதி, "மேலும் ஒருவர்" என்று முடித்துவிட்டேன். உடனே போன் வந்தது. மூன்றாவது ஆள் பெயர் எங்கே என்று உதவி ஆசிரியர் கேட்டார். தெரியவில்லை என்றேன். போலீஸில் கேட்கச் சொன்னார். அவர்களுக்கும் தெரியவில்லையாம் என்றேன். "அப்ப யாரைத்தான் புடிச்சாங்களாம்?" என்று போனை வைத்தார். மறுநாள் மற்ற எல்லாப் பத்திரிகைகளிலும் அவன் பெயரும் படமும் வந்தன, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பதினெட்டு. மாஜிஸ்ட்ரேட் கேட்டபோதும் அவன் அதையே சொல்லியிருக்கிறான். மற்ற இருவரோடு சேர்த்து அவனையும் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அதை மறந்தும்போனேன். அந்த வேலையில் ஒரு நாள் செய்தியை மறுநாள் செய்தி தின்றுவிடும். நவராத்திரி நெருங்கியபோது, கொலு பொம்மை வேலை எப்படி நடக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். அடிதடியும் திருட்டுமாக எழுதிக் கொண்டிருந்தவளுக்குப் பொம்மை பற்றி எழுதுவது திருவிழாவுக்குப் போவது மாதிரி இருந்தது. தோளில் பையை மாட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனேன்.

அங்கே தனித்தனியாகச் சின்னச் சின்னப் பட்டறைகள். ஃப்யூஸ் கட்டை செய்கிற இடம், டீ கப்பு செய்கிற இடம், பொம்மை செய்கிற இடம். கரைத்த வெள்ளை மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டிக் காயவைத்து, பொதுச் சூளைக்கு அனுப்புவார்கள். நான் ஸ்கூட்டியை நிறுத்தியதுமே உள்ளே ஒரு சலசலப்பு. பின்பக்கத் தகரக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனால் பாதி இடங்கள் காலியாக இருந்தன. செய்துகொண்டிருந்த வேலை அப்படியே கிடந்தது, ஆள் இல்லை. ஒரு மூலையில் மட்டும் பிரஷ்ஷும் கையுமாக ஒரு சிறுமி மாட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த பொம்மையைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தேன்.

"பதினெட்டு முடிஞ்சிடுச்சிங்க" என்றாள் அவள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அதே ராகம், அதே 'சிடுச்சிங்க'. ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் நின்றவன் சொன்ன அதே மாதிரி.

பிசிறு சுரண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்து சிறுமியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடி, புருவம் எல்லாம் மண் படிந்து வெளுத்திருந்தது.

"நீங்க ஆபீஸருங்களா?"

"இல்லைங்க, பத்திரிகை. பொம்மையப் பத்தி எழுத வந்தேன்."

"அப்ப சரிங்க. எழுதிக்குங்க."

"இந்தப் பொண்ணு மாதிரியே ஒரு பையன் ஸ்டேஷன்ல பதினெட்டு முடிஞ்சிடுச்சின்னு சொன்னான். இத யாருங்க எல்லாத்துக்கும் சொல்லிக்குடுக்குறது?"

அவள் கையிலிருந்த சுரண்டுகத்தியைக் கீழே வைத்தாள். "செம்புக் கம்பி கேஸுங்களா?" என்றாள்.

"ஆமா."

"அவன் எம்புள்ளைங்க. இவளுக்கு அண்ணன்."

பட்டறைக்கு வெளியே புங்கமரத்தடிக்கு என்னைக் கூட்டிவந்து சொன்னாள். புருஷன் செத்து நாளாகிறது. மகன் சின்ன வயதிலேயே அச்சு வேலைக்கு வந்துவிட்டான். பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அவ்வப்போது அதிகாரிகள் வருவார்கள். பிள்ளை அகப்பட்டால் முதலாளி கேஸில் மாட்டுவார், பட்டறையை மூடுவார்கள், எல்லோருக்கும் வேலை போகும். அதனால் வேலைக்குச் சேர்கிற அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இது ஒன்றைத்தான். மண் எப்படி ஊற்றுவது என்பதெல்லாம் அப்புறம்.

"காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வந்து கேட்டாலும் சரி, ஃபைல வச்சிக்கிட்டு கேட்டாலும் சரி, பதினெட்டுன்னே சொல்லு, வேற வாயத் தொறக்காதன்னு நாந்தாங்க சொல்லிக்குடுத்தேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்."

"உண்மையில அவனுக்கு என்னா வயசு?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணு பொறந்த அதே வாரம் பொறந்தாங்க. அது ஆஸ்பத்திரியில, இவன் வூட்லியே. அந்தப் பொண்ணு இப்பதான் பன்னெண்டாவது போவுது."

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை. "அவன் ஜெயில்ல இருக்க வேண்டிய ஆளே இல்லைம்மா. அங்க எல்லாம் கொலைகாரனும் கொள்ளைக்காரனும் இருப்பான். சின்னப் பையன்னு தெரிஞ்சா கோர்ட்டே அவன வெளிய எடுத்துடும்" என்று படபடவென்று கொட்டினேன். அவளுக்கு அது புதிய செய்தி. பதினெட்டு என்ற சொல் பட்டறையைக் காப்பாற்றும் என்று அவளுக்குத் தெரியும். அதே சொல் பிள்ளையை உள்ளே தள்ளியிருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அவன் சுத்தமான ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களோடு போயிருக்கிறான், கம்பியை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வாட்ச்மேனை அடித்தது மற்ற இருவர் என்று வாட்ச்மேனே பிறகு சொன்னார். தப்பு தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்கு அவன் எங்கே இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இலவச சட்ட உதவிக்காகக் கோர்ட் அவனுக்குக் கொடுத்திருந்த வக்கீலைத் தேடிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவரை வீட்டு வாசலிலேயே மடக்கினேன். நல்ல மனிதர், ஆனால் அவரிடம் கட்டுக்கட்டாக இந்த மாதிரிக் கேஸ்கள். முகம் எது, கேஸ் எது என்று குழப்பிக்கொள்வார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்கிட்டயும் பதினெட்டுன்னுதாம்மா சொன்னான். அவனை நாலு சாத்து சாத்தணும்" என்றார். மறுநாளே வயதை விசாரிக்கச் சொல்லி மனு போட்டார்.

வாய்தா அன்று அவனை எஸ்கார்ட் போலீஸ் பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே பழைய காயம் மஞ்சளாக மாறியிருந்தது. விழுந்துட்டேன் என்றான். வக்கீல் அவனை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். "அய்யா கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு. பதினெட்டு ஆவலன்னு சொல்லு. ஒன் நல்லதுக்குத்தான்." அவன் தலையாட்டினான். வராந்தாக் கோடியில் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

உள்ளே நீதிபதி கேட்டார்.

"பதினெட்டு முடிஞ்சிடுச்சிங்க" என்றான்.

வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும் அங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "ஜென்மத்துல இப்பிடி ஒரு முட்டாப்பயல பாத்ததில்லம்மா" என்று கத்தினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழக்கிய கிளி மாதிரி வாயில் ஏறிவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். அவன்மேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது.

நீதிபதி நிதானமானவர். பையனைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார். எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "எலும்புகூட ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது" என்றார் வக்கீல். பள்ளிக்கூடத்தில் கேட்கலாம் என்றால், பட்டறைக்கு வருவதற்கு முன் கரும்பு வெட்டும் இடம் மாற மாற இவர்களும் மாறியதில் எந்தப் பள்ளியிலும் அவன் ஒழுங்காகச் சேர்ந்ததில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. அம்மா கூண்டில் ஏறி, பக்கத்து வீட்டுப் பெண் பிறந்த வாரம்தான் இவனும் பிறந்தான் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பிறந்த தேதி நகராட்சியில் இருக்கிறது. அம்மா சொல்லிவிட்டால் போதும், நான் வாதாடி வாங்கிவிடுகிறேன் என்றார் வக்கீல்.

சாட்சி சொல்ல வேண்டிய தேதிக்கு முன்னால் ஒரு மத்தியானம், மகளைக் கூட்டிக்கொண்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியே தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். மகள் குடித்தாள், அவள் குடிக்கவில்லை.

"மொதலாளி வூட்டுக்கு வந்தாருங்க" என்றாள்.

"மிரட்டினாரா?"

"அவரு ஏன் மெரட்டுறாரு. அவரும் ஒரு காலத்துல எங்கள மாதிரி மண்ணு ஊத்துனவருதான். ஒக்காந்து அழுதாருங்க. கோர்ட்டுல வயசு பதினேழுன்னு எழுதிட்டா, சின்ன வயசுல வேலைக்கு வச்சேன்னு எம்மேல கேஸு வரும், பட்டறைய மூடிட்டுப் போயிடுவேன், இத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், யோசிச்சிக்கன்னாரு. எங்க லைன் வூடுங்கள்ல இருக்குற பொம்பளைங்களும் வந்தாங்க. ஒம்புள்ள திருடப் போனதுக்கு எங்க வயித்துல அடிக்கிறியான்னு கேக்குறாங்க."

மகள் குடித்து வைத்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீங்க சொல்லுங்க. என்னா சொல்லட்டும்?"

"உண்மையைத்தாம்மா சொல்லணும்" என்றேன். எனக்கு அப்போது வேறு எந்தப் பதிலும் தோன்றவில்லை. உண்மை பேச வைப்பதுதான் என் தொழில் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

அவள் சிரித்தாள். கேலியா, களைப்பா என்று தெரியாத சிரிப்பு. "ஒங்களுக்கு அது சுளுவுங்க. ரெண்டு வரி எழுதிட்டுப் போயிடுவீங்க" என்றாள். பிறகு கேட்டாள். "ஜெயிலுக்குள்ள அவன அடிக்கிறாங்களா? நெஜமா சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. ஆனா கண்ணுக்குக் கீழ இருந்த காயத்தை நீங்களும் பாத்தீங்கல்ல."

"பாத்தேன்" என்றாள். மகளை எழுப்பிக்கொண்டு கிளம்பினாள். "போயிட்டு வரோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை.

சாட்சி அன்று எஸ்கார்ட்டுக்குப் போலீஸ் இல்லை என்று பையனைக் கூட்டிவரவில்லை. நானும் வக்கீலும் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கேஸ் கூப்பிடுகிற நேரத்துக்கு வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். அந்த முடியைக் கறுப்பாக அன்றுதான் பார்த்தேன். கோர்ட்டுக்குப் பின்வரிசையில் பட்டறைப் பெண்கள் சிலரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு வந்திருந்தார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். மகனுக்கு என்ன வயது என்று வக்கீல் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "பயப்படாம சொல்லும்மா" என்றார். அவள் பின்வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"பதினெட்டு ஆவலைங்க" என்றாள். "பக்கத்து வூட்டுப் பொண்ணு பொறந்த வாரந்தாங்க இவனும். ரெண்டுத்துக்கும் ஒண்ணாத்தான் காப்பு போட்டோம். பொய் சொல்லச் சொல்லிக் குடுத்தது நாந்தாங்க. அவன் மேல ஒண்ணுமில்ல."

அரசு வக்கீல் எழுந்தார். அப்படியென்றால் எந்த வயதில் வேலைக்கு அனுப்பினாய், எந்தப் பட்டறை என்று கேட்டார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் கேட்டார். ஒரு பொய்யை விட்டவள் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதையும் சொன்னாள். பின்வரிசைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள்.

உத்தரவு அவனுக்குச் சாதகமாக வந்தது. அவனை ஜெயிலிலிருந்து கடலூரில் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றி, கேஸை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அதைப் பெரிய செய்தியாக எழுதினேன். பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், 'சிறுவன்' என்று எழுதினேன். பதிப்பு அலுவலகத்திலிருந்து முதன்முறையாகப் பாராட்டினார்கள். அதே வாரம் அதிகாரிகள் பேட்டைக்கு வந்தார்கள். சில பட்டறைகள் பூட்டப்பட்டன. பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், அது நல்லதுதான். அவளுடைய முதலாளி கேஸில் மாட்டினார். அவளை எந்தப் பட்டறையிலும் சேர்க்கவில்லை. அதிகாரியைக் கூட்டிவந்தவள் என்று ஒரு பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. தெருக் குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பட்டறையில் பிள்ளைகள் வேலை செய்வது தப்பு, பையன் பெரியவர்கள் ஜெயிலில் இருந்தது அதைவிடத் தப்பு. இரண்டும் நின்றது. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் அந்த நாட்களில் பேட்டை வழியாக வண்டியை விடாமல், சுற்றிக்கொண்டு ரயில்வே கேட் வழியாகப் போனேன்.

குழுமம் அவனை அம்மாவோடு அனுப்ப உத்தரவிட்ட அன்று, அவளுக்குத் துணையாக நானும் கடலூர் போனேன். சேத்தியாத்தோப்பில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. மகளை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தாள். இனி அங்கேதான், கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் போய்ச் சேர வேண்டியதுதான் என்று பஸ்ஸில் சொன்னாள். அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சரி என்றேன்.

கூர்நோக்கு இல்லத்தின் வாசலில் காத்திருந்தோம். அவன் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தான். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. காயம் மறைந்திருந்தது. அம்மாவைப் பார்த்தான், ஓடிவரவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அவள் கையைப் பார்த்தான். நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் மண் இல்லாமல் சுத்தமாக இருந்த கை.

"ஏம்மா சொன்ன?" என்றான்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல கேக்கும்போதெல்லாம் நான் சொல்லாமத்தானம்மா இருந்தேன். நான் வயசச் சொன்னா ஒனக்கும் தங்கச்சிக்கும் வேல பூடும்னு தெரியாதா எனக்கு? தாங்கிக்கிட்டுதான இருந்தேன். நீ ஏம்மா போயி சொன்ன?"

நானும் வக்கீலும் முட்டாள் என்று ஏசிய பையன் அவன். கிளி என்று நினைத்தேனே, அந்தக் கிளி எங்கள் எல்லோரையும்விட முன்னால் கணக்குப் போட்டு, கூண்டுக்குள் இருந்துகொள்வதாக முடிவு செய்திருந்தது. அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அதே கையால் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களா?" என்று அவள் தோளிலிருந்தே கேட்டான்.

"இல்லடா. நாந்தான் நின்னுட்டேன். மண்ணு ஒத்துக்கல, இருமலு வந்துடுச்சி. மாமா வூட்டுப் பக்கம் போயிடலாம்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் தலையை நிமிர்த்தினான். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நெஜமாங்களா?" என்று என்னிடம் கேட்டான்.

"ஆமாம்பா" என்றேன். "அவங்களேதான் நின்னுட்டாங்க."

அவன் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் மேற்கொண்டு கேட்காமல், அம்மா கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.